மொன்சால் ட்ரெயில்ல பூ பாக்கப் போறீங்களா? எல்லாரும் என்னைக் கேக்கற கேள்விகள்

நாங்க ஷெஃபீல்டுக்கு குடி வந்ததுல இருந்து வருஷா வருஷம் மே மாசம் ஒரு தடவையாவது மொன்சால் ட்ரெயில் போயிடுவோம், போட்டோவ வாட்ஸ்அப்ல போட்ட உடனே "எங்க இது, எப்படி போறது, அம்மா அப்பா வந்திருக்காங்க கூட்டிட்டு போலாமா"ன்னு அதே கேள்விகள் வரிசையா வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

முதல்ல இது என்ன இடம்?

இங்கிலாந்துல பீக் டிஸ்ட்ரிக்ட் நேஷனல் பார்க்குக்குள்ள, டர்பிஷையர்ல (எழுதறது தான் டர்பி, சொல்றது டார்பி) வை ஆத்துப் பள்ளத்தாக்க ஒட்டி ஓடின பழைய ரயில் பாதை. மிட்லாண்ட் ரயில்வே கம்பெனி 1863-ல திறந்தது, மான்செஸ்டர்ல இருந்து லண்டனுக்குப் போற மெயின் லைன்ல ஒரு பகுதி. 1968-ல மூடிட்டாங்க, தண்டவாளத்த எல்லாம் பிடுங்கிட்டாங்க. கொஞ்ச வருஷம் அப்படியே கெடந்துச்சு, 1980 வாக்குல நேஷனல் பார்க் எடுத்துக்கிட்டு நடக்கறதுக்கும் சைக்கிளுக்கும் பாதையா மாத்திச்சு. மொத்தம் 8.5 மைல், அதாவது 13.7 கிலோமீட்டர். ஒரு முனை பேக்வெல், இன்னொரு முனை பக்ஸ்டன் பக்கத்துல பிளாக்வெல் மில்.

நடுவுல ஆறு டன்னல் இருக்கு. ரொம்ப காலம் பெரிய டன்னல எல்லாம் பூட்டி வச்சிருந்தாங்க, டன்னல் வந்தா மலை ஏறி சுத்திப் போகணும். 2011 மே மாசம் தான் லைட் போட்டுத் திறந்தாங்க. அதுக்கப்பறம் தான் கூட்டம்.

ரயில் பாதைன்னா வெறும் ஜல்லியும் புதரும் தானே, அங்க எப்படி இவ்ளோ பூ?

இந்தக் கேள்விய கேட்டாத் தான் எனக்கு சந்தோஷமா இருக்கும், ஆனா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, பார்க்கிங் பத்தித் தான் கேக்கறாங்க.

பூ அங்க இருக்கறதுக்குக் காரணமே ரயில் தான். அந்தப் பகுதி முழுக்க சுண்ணாம்புப் பாறை. பாதை போடறதுக்காக மலைய வெட்டினப்போ மேல் மண்ணு எல்லாம் போயிடுச்சு, வெறும் பாறையும் பொடிக் கல்லும் தான் மிச்சம். அந்த மாதிரி சத்தில்லாத மண்ணுல புல்லு முரட்டுத்தனமா வளராது. நம்மூர் கணக்குல பாத்தா உரம் போட்டாத் தானே பயிர் வளரும், ஆனா காட்டுப்பூவுக்கு அது நேர் எதிர், உரம் போட்டா புல்லு தான் கொழுத்து வளரும், பூச்செடிய அமுக்கிடும். சுத்தி இருக்கற வயக்காட்ட பாருங்க, பச்சைப் பசேல்னு இருக்கும், ஒரு பூ இருக்காது. உரத்தோட வேலை அது.

இன்னொன்னு, நீராவி இஞ்சின் காலத்துல தீப்பொறி பறந்து ஓரத்துப் புல்லு பத்திக்கும்ங்கறதால ரயில்வே ஆளுங்க ரெண்டு பக்க சரிவையும் வெட்டிக்கிட்டே இருப்பாங்க. நூறு வருஷம் அந்த சரிவுல யாரும் ஏர் ஓட்டல, உரம் போடல, புல்லு மட்டும் வெட்டினாங்க. பூவுக்கு இதவிட நல்ல வாழ்க்கை வேற என்ன வேணும்.

ரயில் நின்னதும் வெட்டறது நின்னுச்சு, ஹாத்தார்ன்ங்கற முள்ளு மரமும் ஆஷ் மரமும் கிடுகிடுன்னு முளைச்சு நிழல் கட்டிடுச்சு. பழைய கறுப்பு வெள்ளை போட்டோல பாத்தீங்கன்னா பாதையோட ரெண்டு பக்கமும் மொட்டையா இருக்கும், இன்னைக்கு அதே இடம் பாதி காடு. அதனால இப்போ ரேஞ்சர்களும் வாலண்டியர்களும் குளிர்காலத்துல வந்து புதர வெட்டறாங்க. வெட்டின கட்டைய பாத்து "ஐயோ மரத்த வெட்டிட்டாங்க"ன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் கொதிச்சுப் போயிட்டான், ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்துல மஞ்சளா கௌஸ்லிப் பூத்து நின்னப்போ நான் ஒண்ணும் சொல்லல, சும்மா காட்டினேன். அதோட ஆஷ் மரத்துக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து இந்தப் பள்ளத்தாக்கெல்லாம் செத்துட்டு வருது, பாதை மேல விழும்னு அதையும் வெட்டறாங்க.

எந்த மாசம் போனா என்ன பூ பாக்கலாம்?

ஒரே ஒரு தடவை தான் போக முடியும்னா மே நடுவுல போங்க, யோசிக்காதீங்க.

மார்ச் கடைசில போனா குளிர் தான் அதிகம், ஆனா ப்ரிம்ரோஸ், செலண்டைன் மஞ்சளா ஆரம்பிச்சிருக்கும். ஏப்ரல்ல கௌஸ்லிப், வயலட், மர நிழல்ல வெள்ளை வுட் அனிமோனி. மே மாசம் கௌஸ்லிப்போட எர்லி பர்பிள் ஆர்கிட், ஆத்தோரம் காட்டுப் பூண்டு, மேல ஹாத்தார்ன் மொத்தமா வெள்ளையா பூத்து ஒரு மாதிரி கனமான வாசனை, பிடிக்கறவங்களுக்குப் பிடிக்கும். ஜூன்ல வேற செட்டு: ஸ்பாட்டட் ஆர்கிட், பெரிய வெள்ளை டெய்சி, பளிச்சுன்னு மெஜந்தா கலர்ல ப்ளடி கிரேன்ஸ்பில், அப்பறம் பாதை ஓரத்துலயே சுண்டு விரல் நகம் அளவுல காட்டு ஸ்ட்ராபெர்ரி. ஜூன் கடைசில ஜேக்கப்ஸ் லேடர்னு ஒரு நீலப்பூ, டர்பிஷையரோட கவுண்டி பூவே அது தான், ஆனா அது வர்றப்போ வசந்தம் முடிஞ்சு கோடை ஆகியிருக்கும்.

குளிர் நீண்ட வருஷம்னா எல்லாமே ரெண்டு வாரம் தள்ளிப் போகும். போன வருஷ போட்டோ தேதிய நம்பி லீவு போடாதீங்க.

கௌஸ்லிப்புன்னா என்ன, மஞ்சளா இருக்கற எல்லாமே அதானா?

இல்ல. ஒரு காம்பு, அதோட உச்சில பத்து பதினஞ்சு சின்ன மணி ஒரே பக்கமா தொங்கற மாதிரி இருந்தா அது கௌஸ்லிப். முட்டை மஞ்சக்கரு கலர், உள்ள ஆரஞ்சுப் புள்ளி.

ஒரு வேலை பண்ணுங்க, பறிக்காம குனிஞ்சு ஒரு பூவோட வாய்க்குள்ள பாருங்க. சில செடில நடுவுல குண்டூசி தலை மாதிரி பச்சையா ஒண்ணு தெரியும், அது சூலகத்தோட முனை. பக்கத்துச் செடில பாத்தா குண்டூசி இருக்காது, அதுக்கு பதிலா மகரந்தப் பை வளையமா நிக்கும். ஒரு செடின்னா அதுல எல்லாப் பூவும் ஒரே ரகம் தான். ஒரு ரகத்து மகரந்தம் இன்னொரு ரகத்துல போய் சேந்தாத் தான் விதை நல்லா பிடிக்கும், சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் வேண்டாம்ங்கற ஏற்பாடு. டார்வின் வருஷக்கணக்கா இதத் தான் எண்ணிக்கிட்டு இருந்தார். எங்க அம்மா இத கேட்டுட்டு "பூவுக்கு இருக்கற புத்தி நம்ம ஊர்ல இல்லையே"ன்னாங்க, அப்பறம் ஒரு மணி நேரம் ஒவ்வொரு செடியா உக்காந்து "இது குண்டூசி, இது இல்ல"ன்னு எண்ணிக்கிட்டே வந்தாங்க. அன்னைக்கு நாங்க நடந்தது மொத்தம் 3 கிலோமீட்டர் தான்.

ஆர்கிட்டுன்னா பெரிய பூவா இருக்குமா? எங்க கண்ணுக்கு மாட்டவே இல்லையே

பூக்கடைல பாக்கற ஆர்கிட்ட நெனச்சுக்கிட்டு தேடினா மாட்டாது. எர்லி பர்பிள் ஆர்கிட் ஒரு சாண் உயரம், பெரிசா போனா ரெண்டு சாண். ஊதாப் பூ கொத்து, இலைல மை தெளிச்ச மாதிரி கரும்புள்ளி. அந்த இலைய பழகிட்டீங்கன்னா பூக்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம்.

இது சரியான ஃப்ராடு பூ. பின்னாடி வால் மாதிரி ஒரு குழாய் இருக்கும், தேன் இருக்கும்னு பம்பிள்பீ தலைய விடும், உள்ள ஒண்ணுமே இருக்காது. தலைய எடுக்கறப்போ ரெண்டு மகரந்த உருண்டை கொம்பு மாதிரி நெத்தில ஒட்டிக்கும். டார்வின் தேனீக்கு பதிலா பென்சில விட்டுப் பாத்திருக்கார், ஒட்டின உருண்டை முதல்ல நேரா நிக்குமாம், அரை நிமிஷத்துல தானா முன்னாடி சாஞ்சிடுமாம், அடுத்த பூவுக்குள்ள போறப்போ சரியா சூலகத்துல இடிக்கற கோணத்துக்கு. நீங்க பென்சில விடாதீங்க, அவர் பாத்துட்டார், போதும்.

கீழ ரெண்டு கிழங்கு இருக்கும், ஒண்ணு இந்த வருஷத்துக்கு, ஒண்ணு அடுத்த வருஷத்துக்கு. நம்ம நாட்டு மருந்துக் கடைல சாலாமிசிரின்னு விப்பாங்க பாருங்க, அது இந்த மாதிரி ஆர்கிட்டோட காஞ்ச கிழங்கு தான். அதனால "வேரோட எடுத்துட்டுப் போய் தொட்டில வைக்கலாமா"ன்னு கேக்கறவங்களுக்கு பதில்: கூடாது, நிலத்துச் சொந்தக்காரர் அனுமதி இல்லாம எந்தக் காட்டுச் செடியையும் வேரோட பிடுங்கறது 1981 சட்டப்படி குத்தம். எடுத்தாலும் பொழைக்காது. மண்ணுல இருக்கற ஒரு பூஞ்சையோட கூட்டு இல்லாம அதோட விதை முளைக்கவே முளைக்காது, தூசி மாதிரி விதை, உள்ள சாப்பாடே கெடையாது.

முழுசா நடக்கணுமா? எவ்ளோ நேரம் ஆகும்?

ஒரு வழி 13.7 கிலோமீட்டர், வேகமா நடந்தா நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடலாம், ஆனா அப்படி நடந்தா பூ பாத்த மாதிரி இல்ல.

என் சாய்ஸ் மில்லர்ஸ் டேல்ல காரப் போட்டுட்டு கிழக்க நடந்து ஹெட்ஸ்டோன் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வர்றது, ஒரு வழி சுமாரா 5 கிலோமீட்டர். மில்லர்ஸ் டேல் ஒரு காலத்துல அஞ்சு ப்ளாட்ஃபார்ம் இருந்த பெரிய ஸ்டேஷன், பக்ஸ்டன் போறவங்க அங்க தான் மாறணும். இப்போ சுத்தி வீடுகூட அதிகம் இல்லாத பள்ளத்தாக்குல அவ்ளோ நீள ப்ளாட்ஃபார்ம் சும்மா படுத்திருக்கறத பாத்தா ஒரு மாதிரி இருக்கும். அங்க இருந்து கொஞ்ச தூரத்துலயே ஆத்து மேல ரெண்டு பாலம் அடுத்தடுத்து, ஒண்ணு முதல்ல கட்டினது, இன்னொன்னு கூட்டம் தாங்காம 1905-ல கட்டினது. அதத் தாண்டினா பாறையோட ஒட்டின பிரம்மாண்ட சுண்ணாம்புக் காளவாய், 1880-ல கட்டினது. அந்தப் பக்கம் ஓரச் சரிவுல தான் கௌஸ்லிப் நல்லா இருக்கும்.

அப்பறம் லிட்டன் மில். அழகான கல் கட்டடம், இப்போ ஃப்ளாட். ஆனா 1800 வாக்குல பஞ்சு மில்லா இருந்தப்போ லண்டன் பக்கத்து அநாதைப் பிள்ளைங்கள எல்லாம் கொண்டு வந்து அடிச்சு வேலை வாங்கின இடம். அதத் தாண்டி லிட்டன், கிரெஸ்புரூக்னு ரெண்டு டன்னல், ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சத்துக்கு வர்ற அந்தத் துண்டுப் பாதை தான் மொத்த நடைலயும் பெஸ்ட். கீழ ஆறு, எதிர்ல பாறைச் சுவர், காலடில பூ. எல்லாரும் அங்க நிக்காம அடுத்த டன்னலுக்குள்ள ஓடிடுவாங்க.

டன்னல் பயமா இருக்காதா?

நாலு பெரிய டன்னலும் ஒவ்வொண்ணும் சுமாரா 400 மீட்டர். பகல்ல லைட் எரியும், பொழுது சாஞ்சா அணைஞ்சிடும், அதனால சாயங்காலம் லேட்டா மாட்டிக்காதீங்க, ஒரு சின்ன டார்ச் வச்சுக்கங்க. மே மாசம் வெளில வெயில் அடிச்சாலும் உள்ள ஜில்லுன்னு இருக்கும், மேல இருந்து சொட்டும். பசங்க கத்தி எக்கோ கேப்பாங்க, கத்தட்டும், ஆனா சைக்கிள் வரும், கைய பிடிச்சுக்கங்க. செங்கல் சுவத்துல இன்னும் நீராவி இஞ்சின் கரி இருக்கு, வெள்ளை சட்டை போட்டு சாய வேண்டாம், அனுபவம்.

அந்த ஃபேமஸ் பாலம் எங்க?

மொன்சால் ஹெட் கீழ, ஹெட்ஸ்டோன் வயடக்ட். அஞ்சு வளைவு. மேல மொன்சால் ஹெட்ல நின்னு பாத்தா காலண்டர் படம் மாதிரி இருக்கும். வேடிக்கை என்னன்னா இத கட்டினதுக்கு அப்பறம் ஜான் ரஸ்கின்னு அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருத்தர் கொதிச்சு எழுதினார், இந்தப் பள்ளத்தாக்குல இருந்த தெய்வங்களே போயிடுச்சு, எதுக்குன்னா பக்ஸ்டன்ல இருக்கற முட்டாள் எல்லாம் அரை மணில பேக்வெல் போகணும், பேக்வெல் முட்டாள் எல்லாம் பக்ஸ்டன் வரணும், அதுக்காகன்னு. அவர் திட்டினதுல தப்பு சொல்ல முடியாது, அப்போ அது பச்சைப் பள்ளத்தாக்குல ஒரு வெட்டுக்காயம் தான். அதே பாலத்த 1970-ல பாதுகாக்கணும்னு அரசாங்கமே லிஸ்ட்ல சேத்துடுச்சு, அந்த வெட்டுக்காயத்துல தான் இன்னைக்கு ஆர்கிட் நிக்குது.

மொன்சால் ஹெட்ல இருந்து பாலத்துக்கு இறங்கற வழி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்கள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க.

வயசான அம்மா அப்பா, குழந்தை வண்டி, வீல்சேர்?

தாராளமா. ரயில் ஏற முடிஞ்ச சரிவுன்னா மனுஷனுக்கு சரிவே தெரியாது. பாதை அகலமா, கெட்டியா இருக்கும். பேக்வெல்ல இருந்து மேற்க போறப்போ லேசா ஏத்தம், சைக்கிள் ஓட்டறவங்களுக்குத் தான் அது தெரியும். வீல்சேரா இருந்தா மில்லர்ஸ் டேல் இல்லன்னா பேக்வெல் பக்கத்துல இருக்கற ஹாசப் ஸ்டேஷன்ல ஆரம்பிங்க. பேக்வெல் ஊருக்குள்ள இருந்து வராதீங்க, பழைய ஸ்டேஷன் ஊருக்கு மேல மேட்டுல இருக்கு.

எங்க அப்பாவுக்கு 71 வயசு, "இந்த வெள்ளைக்காரன் ஊர்ல நடக்கறதுக்கு என்ன இருக்கு"ன்னு அலுத்துக்கிட்டே வந்தவர், சதர்ன் ரயில்வேல வேலை பாத்தவர், ப்ளாட்ஃபார்ம் உயரத்தையும் பாலத்து செங்கல் கட்டையும் பாத்துப் பாத்து எங்கள விட பின்னாடி தான் வந்தார்.

காட்டுப் பூண்டு எங்க கெடைக்கும், பறிச்சு துவையல் அரைக்கலாமா?

கெடைக்கற இடம் சீ டேல், மில்லர்ஸ் டேலுக்கு மேற்கப் பக்கம். மே மாசம் ஆத்தோர மர நிழல் முழுக்க வெள்ளையா இருக்கும், பாக்கறதுக்கு முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சிடும், யாரோ தாளிக்கற மாதிரி. ஆனா அது ட்ரெயில் மேல இல்ல, கீழ ஆத்தோர ஒத்தையடிப் பாதைல. அங்க பாறைய ஒட்டி தண்ணிக்குள்ளயே கல் போட்டிருப்பாங்க, அதுல தாண்டித் தாண்டிப் போகணும், மழை பெஞ்சா கல்லு முங்கிடும். பசங்களோட, பெரியவங்களோட போகாதீங்க.

அது இயற்கைப் பாதுகாப்பு இடம், பறிக்காதீங்க. வேற இடத்துல பறிச்சாலும் ஜாக்கிரதை, லில்லி ஆஃப் த வேலி, லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்னு ரெண்டு விஷச் செடி அதே மாதிரி நிழல்ல வளரும், இளசா இருக்கறப்போ இலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கசக்கி மோந்து பாக்கறதும் நாலஞ்சு இலைக்கு அப்பறம் உதவாது, கை முழுக்க பூண்டு வாசனை ஏறியிருக்கும், எத மோந்தாலும் பூண்டு தான்.

எப்படி போறது, பார்க்கிங், பாத்ரூம், சாப்பாடு?

கார்னா மில்லர்ஸ் டேல், ஹாசப், மொன்சால் ஹெட் மூணுலயும் பார்க்கிங் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்கு மேல போனா இடத்துக்கு அலையணும். பள்ளத்தாக்குக்குள்ள மொபைல் சிக்னல் சுத்தமா இருக்காது. ஒரு கார் பார்க்ல ஆப்ல தான் காசு கட்ட முடியும்னு நெனச்சு போன தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பைத்தியம் மாதிரி அரை மணி நேரம் சுத்தினேன், அதுல இருந்து காசும் கார்டும் ரெண்டும் எடுத்துட்டுப் போறேன், மேப்பையும் முன்னாடியே டவுன்லோட் பண்ணிடறேன்.

கார் இல்லன்னா மான்செஸ்டர்ல இருந்து பக்ஸ்டனுக்கு ட்ரெயின் இருக்கு, ஷெஃபீல்டுல இருந்து பேக்வெல்லுக்கு பஸ் இருக்கு, டர்பில இருந்து பேக்வெல் வழியா பக்ஸ்டனுக்கு ட்ரான்ஸ்பீக் பஸ். திரும்பி வர்ற கடைசி பஸ் நேரத்த முதல்ல பாத்து வச்சுக்கங்க.

ஹாசப்லயும் மில்லர்ஸ் டேல்லயும் பழைய ஸ்டேஷன் கட்டடத்துலயே கஃபே, பாத்ரூம் இருக்கு, நடுவுல பாதை மேல ஒண்ணும் இல்ல. ஹாசப்ல சைக்கிள் வாடகைக்கும் கெடைக்கும். நாங்க புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிட்டுப் போவோம். பேக்வெல்ல முடிச்சீங்கன்னா பேக்வெல் புட்டிங் சாப்பிடுங்க, டார்ட் இல்ல புட்டிங், அந்த ஊர்ல டார்ட்டுன்னு சொன்னா முறைப்பாங்க.

என்ன போட்டுக்கிட்டு போறது?

மே மாசம் ஒரே நாள்ல வெயில், மழை, ஆலங்கட்டி மூணும் பாத்திருக்கேன். மழைக் கோட்டு கட்டாயம். புல்லுக்குள்ள உக்காந்து போட்டோ எடுக்கறவங்க பேண்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கங்க, உண்ணி இருக்கும், லைம் நோய் அதால தான் வரும், வீட்டுக்கு வந்து முட்டிக்குப் பின்னாடி, இடுப்புல எல்லாம் பாத்துடுங்க. ஷூ சாதாரண ஷூ போதும்.

மறுபடி ரயில் விடப் போறாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?

திருப்பி விடணும்னு ரொம்ப வருஷமா ஒரு கோஷ்டி கேட்டுக்கிட்டு இருக்கு, வேண்டாம்னு இன்னொரு கோஷ்டி. இப்போதைக்கு இந்தப் பக்கம் தண்டவாளம் இல்ல. நீராவி இஞ்சின் தான் பாக்கணும்னா தெக்க மேட்லாக்ல பீக் ரெயில்னு ஒண்ணு, இதே பழைய லைனோட சின்னத் துண்டுல ரோஸ்லி வரைக்கும் ஓட்டறாங்க. எங்க அப்பா கிட்ட கேட்டேன், ரயில் வேணுமா பூ வேணுமான்னு. ரயில்வே ஆளுங்கறதால பதில் தெரிஞ்சது தான்னு நெனச்சேன். "ரயில் விட்டா சரிவ ஒழுங்கா வெட்டுவானுங்களா?"ன்னு திருப்பிக் கேட்டார்.